புள்ளியைத் தின்ற கம்பி

எழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியைப் பற்றி நாம் ஒருநாளும் நின்று எண்ணுவதில்லை. சிறுவயதில், ‘க’வின்மேல் புள்ளி வைத்தால் ‘க்’ என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார், கற்றோம், மறந்தோம். பிறகு கை தானே வைக்கிறது. கண் தானே படித்துக்கொள்கிறது. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, இலக்கண ஆராய்ச்சி எழுதும் புலமை எனக்கில்லை என்று சொல்லி ஒதுங்கப் பார்த்தேன். “தெரிந்ததை எழுதுங்கள், போதும்” என்றார்கள். எனக்குத் தெரிந்தவை அலுவலகமும் அதன் தாள்களுமே. அந்தத் தாள்களிலிருந்து ஒருமுறை புள்ளிகளெல்லாம் காணாமற்போயின. அவற்றைத் தேடி மீட்ட கதையையே இங்கு எழுதுகிறேன்.

கதை நிகழ்ந்த இடம் தேவிகுளம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர். மூணாற்றிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலை அவ்வூரைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. 1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பிறகு, காடு மெல்ல மெல்லத் தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கீழ்நாட்டுத் தமிழர் மலையேறினர். விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வழியே வெளியுலகம் சென்ற காலமும் ஒன்று இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு எங்கே விழுந்தபோதிலும், லயத்து வீடுகளின் அடுப்படியில் பேச்சு தமிழாகவே இருந்தது.

அவ்வூரில் ஒரு நடுவண் அரசு அலுவலகத்தில் 2004ஆம் ஆண்டில் நான் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டா. ஓட்டுக்கூரை வேய்ந்த பழைய கட்டடம், நீண்ட தாழ்வாரம், வரிசையாக நான்கு அறைகள். ஆண்டில் பாதி நாள் மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்துகொள்ளும். தாள் நமுத்துப்போகும், முத்திரை மை காயாது.

அங்கே மூன்று கணிப்பொறிகள் இருந்தன. மூன்றும் நகரத்துப் பெரிய அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்தபின் மலைக்கு அனுப்பப்பட்டவை. டாஸ் என்ற பழைய முறையில் இயங்குபவை. மூன்றுக்கும் சேர்த்து அச்சுப்பொறி ஒன்றே ஒன்று. அதுவும் டாட் மேட்ரிக்ஸ் எனப்படும் புள்ளி அச்சுப்பொறி. அதன் தலையில் ஒன்பது ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ரிப்பனைக் குத்திக் குத்திப் புள்ளிகளால் எழுத்தை ஆக்கும். அது வேலை செய்யத் தொடங்கினால் தொலைபேசியில் பேச இயலாது. ஆகவே அதைக் கடைசி அறையில், பழைய கோப்புகளுக்குத் துணையாக வைத்திருந்தோம்.

கணிப்பொறிகள் முன்னறைகளில்; அச்சுப்பொறி கடைசி அறையில். இரண்டையும் எப்படி இணைப்பது? அச்சுப்பொறியோடு வரும் வழக்கமான வடம் இணைமுறை வடம். அதில் எட்டுக் கம்பிகள் அருகருகே ஓடி, ஓர் எழுத்தின் எட்டுக் கூறுகளையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகும். ஆனால் சில மீட்டருக்குமேல் அதை நீட்டினால் செய்தி குழம்பிவிடும். தொடர்முறை வடம், அதாவது சீரியல் கேபிள், வேறு வகை. அதில் எழுத்தின் கூறுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடை சுமந்து இறங்கும் பெண்களைப்போல, வரிசையாகப் போகும். சற்று மெதுவாயினும் 15 மீட்டர் வரை தடுமாறாது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் தொழிலோர் வகுத்த ஆர்எஸ்-232 என்ற நெறி அது. எங்கள் தாழ்வாரத்தின் நீளம் அதற்குள் அடங்கியது. நகரத்திலிருந்து தொழில்நுட்பர் ஒருவர் வந்து வடம் இழுத்தார். நடுவில் ஒரு மாற்றுப்பெட்டி வைத்தார். அதன் குமிழை அ, ஆ, இ என்று மூன்று பக்கம் திருப்பலாம். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தக் கணிப்பொறிக்கு அச்சுப்பொறி சொந்தம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டினார்; எழுத்து முத்துமுத்தாக வந்தது. தலைமை அலுவலர் கையெழுத்திட்டார். தொழில்நுட்பர் மாலைப் பேருந்துக்கே இறங்கிவிட்டார்.

முதற் குறை ஒரு வாரத்தில் தெரிந்தது. சிறு கடிதங்கள் ஒழுங்காக வந்தன. நீண்ட பட்டியல்கள் மட்டும் இரண்டு மூன்று பக்கங்களுக்குப்பின் வரி வரியாக விடுபட்டன. பி.ஏ. வரலாறு படித்த எனக்கு மின்னணுவியல் என்ன தெரியும்? மூணாற்றில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். வடத்தின் தலையைக் கழற்றி அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இதுல போறதுக்கு வழி இருக்கு. ‘பொறு’ன்னு சொல்றதுக்கு வழி இல்லை.”

விளக்கிச் சொன்னார். எங்கள் கணிப்பொறி நொடிக்கு 9,600 பிட், அதாவது 960 எழுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. அச்சுப்பொறியோ நொடிக்கு இருநூறு எழுத்துக்குமேல் அடிக்காது. மிகுதியை அது தன் நினைவில் ஏந்தி வைக்கும். நினைவு நிறைந்ததும், ‘பொறு, போதும்’ என்று ஒரு தனிக் கம்பி வழியே அறிவிக்கும். அந்தக் கம்பியைத் தொழில்நுட்பர் இணைக்கவில்லை. அதற்கு மாறாக, கணிப்பொறி ‘நீ ஆயத்தமா?’ என்று கேட்கும் கேள்வி அதனிடமே திரும்பிவந்து விடையாகும்படி, தலைப்பிலேயே ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார். தன் கேள்விக்குத் தானே ‘ஆம்’ சொல்லிக்கொண்டு அது கொட்டிக்கொண்டேயிருந்தது, வழிந்தது வீணாயிற்று. கடைக்காரர் துண்டுக் கம்பியை அறுத்தெறிந்து, அச்சுப்பொறியின் இருபதாம் முனையிலிருந்து கணிப்பொறியின் ஆறாம், எட்டாம் முனைகளுக்குக் கம்பி வைத்தார். மற்ற இரண்டு வடங்களுக்கும் அவ்வாறே செய்தோம். பட்டியல்கள் முழுமையாக வந்தன.

நான் மகிழ்ந்தேன். ஆனால் பெரிய குறை அதன்பின்தான் காத்திருந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரும், தொழிலில் ஓய்வு பெற்ற முதியோரும். இன்னின்ன நாளில் இன்னின்னார் ஆவணங்களோடு வரவேண்டும் என்ற பெயர்ப் பட்டியலைத் தாழ்வாரத்துப் பலகையில் ஒட்டுவோம். அது ஆங்கிலத்தில் இருக்கும். சில வேளைகளில் மலையாளத்தில் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நான்காம் வகுப்புவரை எழுத்துக் கூட்டிப் படித்த முதியவர்களுக்கு அது புரியாது. பலகைக்கு முன்னே நின்று, வருவோர் போவோரை எல்லாம், “எம் பேரு இருக்கான்னு பாருங்க” என்று கெஞ்சுவார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தந்திருக்கிறது. குறை தீர்க்குமாறு விண்ணப்பிப்பதாயின், நடுவண் அரசின் எந்த அலுவலரிடமும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பம் தமிழில் வரலாம் என்றால் பட்டியல் தமிழில் போகலாகாதா? தலைமை அலுவலரைக் கேட்டேன். செலவில்லாமல் செய்வதானால் செய்யலாம் என்றார்.

டாஸில் இயங்கும் சிறிய தமிழ் எழுதி ஒன்று நண்பர் வழியாகக் கிடைத்தது. மூன்று மாலைகள் அமர்ந்து நாற்பது பெயர்களைத் தமிழில் உள்ளிட்டேன். குமிழை என் பக்கம் திருப்பி அச்சடித்தேன். தாள் வெளியே வந்தது.

ஒவ்வொரு வரியின் நடுவிலும் நூல்போல் ஒரு வெண்கோடு. சில வரிகளின் கடைசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் சிதறிக்கிடந்தன. ரிப்பன் தேய்ந்திருக்கும் என்று எண்ணிச் சிதறல்களை வெள்ளை மையால் அழித்துப் பலகையில் ஒட்டிவிட்டேன். தமிழில் பட்டியல் ஒட்டிய பெருமை கண்ணை மறைத்தது. புள்ளிகள் இல்லாததை நான் பார்க்கவில்லை. பழகிய கண் இல்லாத புள்ளியையும் இட்டுப் படித்துக்கொள்ளும் அல்லவா?

மறுநாள் காலை முதல் பேருந்தில் ஒரு பாட்டி வந்தார். தலையில் முக்காடிட்ட கம்பளி; கையில் நெகிழிப்பையில் சுற்றிய ரேஷன் அட்டை. தமிழில் ஒட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒருவரையும் கேட்காமல் தாமே பலகைக்குச் சென்றார். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, மேலிருந்து கீழ்வரை படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு சன்னலுக்கு வந்து,

“சார், இதுல எம் பேரு இல்லீங்களே” என்றார்.

எனக்கு வேறு வேலை. “அடுத்த பட்டியல்ல வரும், போயிட்டு வாங்க பாட்டி” என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். குறித்த நாளில் அவர் வரவில்லை. வராதவர்களின் பெயர்களைச் சிவப்பு மையால் சுழிக்கும்போதுதான், பலகையில் அந்தப் பெயர் இருந்தது என்பதைக் கண்டேன். இருந்தது என்றா சொன்னேன்? ‘அம்மாள்’ என்று முடியவேண்டிய பெயர் ‘அமமாள’ என்று முடிந்திருந்தது. பட்டியல் முழுதும் அப்படியே. ‘ன்’ எல்லாம் ‘ன’. ‘ம்’ எல்லாம் ‘ம’. எழுத்துக் கூட்டிப் படித்த பாட்டி சரியாகவே படித்திருக்கிறார். எழுதியிருந்தபடி படித்தால் அது அவர் பெயர் ஆகாது.

மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஆயினும் ஓலை கிழியும் என்று அஞ்சிய ஏடெழுதுவோர் புள்ளியிடாமலே எழுதினர். உ. வே. சாமிநாதையர் போன்றோர் அத்தகைய ஏடுகளை வைத்துக்கொண்டு, எது மெய், எது உயிர்மெய் என்று தேர்ந்து தேர்ந்து படிக்க வேண்டியிருந்தது. அத்தகைய பயிற்சியை ஒரு தோட்டத்துப் பாட்டியிடம் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? அவருக்கு வரவேண்டிய பணம் அடுத்த முறைக்குத் தள்ளிப்போயிற்று.

தலைமை அலுவலர் கடுமையானவர் அல்லர். அவர் சொன்னது இதுதான்: “ஆங்கிலத்தில் நன்றாகத்தானே வருகிறது? அச்சுப்பொறியில் குறையில்லை. தமிழை விட்டுவிடுங்கள்; பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாம்.” அப்பேச்சில் வெறுப்பு இல்லை, மிக இயல்பாகச் சொன்னார். அதனாலேயே அது எனக்கு உறைத்தது. குறை கம்பியிலோ பொறியிலோ இருக்க முடியாது, தமிழில்தான் இருக்கவேண்டும் என்று யாவரும் ஒப்புக்கொண்டது போலாயிற்று.

அன்று மாலை என்னோடு தங்கியவர் அடுத்த மேசை மலையாள நண்பர். தாம் அடித்த மலையாள அறிவிப்பு ஒன்றை என்முன் வைத்தார். அதிலும் அதே வெண்கோடு. மலையாளத்தில் மெய்யொலியைக் காட்ட எழுத்தின் தலைமேல் சந்திரக்கலை என்ற சிறு பிறை இடுவார்கள். அந்தப் பிறையும் இல்லை.

“நம்முடேதும் போயி, சாரே” என்றார்.

இருவரும் சேர்ந்து என் கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு கடைசி அறைக்குப் போனோம். அச்சுப்பொறியின் பக்கத்திலேயே வைத்து, பெட்டியில் கிடந்த குட்டையான இணைமுறை வடத்தால் இணைத்து அச்சடித்தோம். புள்ளிகள் யாவும் இருந்தன, பிறைகளும் இருந்தன, வெண்கோடு மறைந்தது. ஆகவே தமிழிலும் குறையில்லை, மலையாளத்திலும் குறையில்லை, ஊசியிலும் குறையில்லை. தாழ்வாரத்தின் வழியே ஓடிய கம்பியில் ஏதோ ஒன்று புள்ளியைத் தின்றுகொண்டிருந்தது.

அச்சுப்பொறியின் கையேட்டை எடுத்து இரவு எட்டு மணிவரை படித்தோம். விடை ஓர் எண்ணில் இருந்தது. அதைச் சற்று விளக்கினால்தான் கதை விளங்கும்.

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண். அந்த எண்ணைப் பூச்சியம், ஒன்று என்ற பிட்டுகளால் எழுதும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டை வகுத்தவர்கள் ஓர் எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்று கொண்டனர். ஏழு பிட்டில் 128 இடங்கள் உண்டு. இருபத்தாறு எழுத்து மொழிக்கு, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் குறியும் சேர்த்தாலும், அது தாராளம். எட்டாவது பிட்டைச் சரிபார்ப்புக்கு ஒதுக்கலாம். ஏழில் உள்ள ஒன்றுகளை எண்ணி, ஒற்றைப்படையாக இருந்தால் எட்டாவதாக ஓர் ஒன்றைச் சேர்த்து இரட்டையாக்குவது ஒரு முறை. வழியில் ஏதேனும் பிறழ்ந்தால் பெறுபவர் கண்டுகொள்வார். பழைய தொலைத்தொடர்புக் கம்பிகளில் அது நல்ல ஏற்பாடே.

ஆங்கிலத்தை அச்சடிக்கும்போது எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். எழுத்தின் உருவம் அச்சுப்பொறியின் நினைவிலேயே இருக்கிறது. ஏழு பிட்டில் வேலை முடிந்துவிடும். எங்கள் அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியாது. எனவே தமிழ் எழுதி ஒவ்வோர் எழுத்தையும் படமாக வரைந்து, இந்த இடத்தில் இன்ன ஊசி குத்துக என்று ஆணையிட்டு அனுப்பும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஒவ்வொரு பிட்டும் ஓர் ஊசிக்கு ஆணை. எட்டாவது பிட் ஆள்வது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ஊசியை. கம்பியில் ஏழு பிட்டே சென்றால் மேல் ஊசி ஒருநாளும் அசையாது. தமிழ் எழுத்தின் உச்சியில் இருப்பது எது? புள்ளி. ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு ஓட்டமாக அடித்ததால், இரண்டாம் ஓட்டத்தின் மேல் ஊசி நின்ற இடத்தில் நடுவெண்கோடு விழுந்தது. ‘இந்த வரியில் இத்தனை குத்து’ என்று சொல்லும் எண்ணும் சில வேளை தலையிழந்து சிறுத்ததால், மிஞ்சிய குத்துகளை அச்சுப்பொறி ஆங்கில எழுத்தாக எண்ணிக் கடைசியில் சிதறடித்தது. புள்ளிகளாலேயே எழுதும் பொறி ஒன்று நம் புள்ளியை மட்டும் விட்டுவிட்ட கதை இதுதான்.

ஏழு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. டாஸில் ‘மோடு’ என்ற ஆணையால் கம்பியின் வேகத்தையும் பிட்டின் அளவையும் அமைக்க வேண்டும். தொழில்நுட்பர் வேகத்தை மட்டும் எழுதி, மற்ற இடங்களை வெறுமையாக விட்டிருந்தார். வெறுமையாக விட்டால், பிட் ஏழு, சரிபார்ப்பு இரட்டை என்று டாஸ் தானே நிரப்பிக்கொள்ளும். அதற்கேற்ப அச்சுப்பொறியின் குட்டிச் சுவிட்சுகளையும் ஏழுக்கு வைத்து, ஆங்கிலப் பக்கம் ஒன்றை அடித்துப் பார்த்து, திருப்தியோடு இறங்கிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அவர் சோதித்த மொழிக்கு எட்டாவது பிட் வேண்டியதில்லை.

மறுநாள் காலை என் கணிப்பொறியில் மட்டும் ‘9600, என், 8, 1’ என்று மாற்றினேன். அச்சடித்தால், ஆங்கிலமும் கெட்டது! ‘ஏ’யும் ‘பி’யும் வந்தன, ‘சி’ குப்பையாயிற்று, ‘டி’ வந்தது, ‘இ’யும் ‘எஃப்’பும் குப்பை, ‘ஜி’ வந்தது. “நன்றாக இருந்ததையும் கெடுத்துவிட்டீரே” என்றார் தலைமை அலுவலர். நண்பர்தாம் தாளில் பிட்டுகளை எழுதிப் பார்த்துக் காரணம் கண்டார். வந்த எழுத்துகளில் ஒன்றுகள் இரட்டைப்படை, குப்பையானவற்றில் ஒற்றைப்படை. நான் எட்டாவது இடத்தில் வெறும் பூச்சியத்தை அனுப்ப, அச்சுப்பொறி அதைச் சரிபார்ப்பு என்று கொண்டு பாதி எழுத்துகளைப் பிழையென்று தள்ளிக்கொண்டிருந்தது. பேசுபவன் முறையை மாற்றினான். கேட்பவன் பழைய முறையிலேயே கேட்டான்.

அச்சுப்பொறியின் மின்சாரத்தை நிறுத்தி, குட்டிச் சுவிட்சுகளை எட்டு பிட்டுக்கு, சரிபார்ப்பின்றி, மாற்றினோம். மின்சாரத்தை நிறுத்தாமல் மாற்றினால் அது பார்க்காது. விழித்தெழும்போது ஒரே ஒருமுறைதான் சுவிட்சுகளைப் படிக்கும். அச்சடித்தேன். புள்ளிகள் வந்தன. நானும் நண்பரும் குழந்தைகளைப்போல் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அரைமணியில் முதலறை அம்மையார் வந்து நின்றார். அவர் கடிதத்தில் ‘சி’யும் ‘இ’யும் ‘எஃப்’பும் மட்டும் சாய்ந்து படுத்திருந்தன, மற்றவை நேராக நின்றன. அவர் கணிப்பொறி இன்னும் ஏழும் சரிபார்ப்புமாக அனுப்ப, அச்சுப்பொறி சரிபார்ப்பின் ஒன்றை எழுத்தின் பகுதியென்று கொண்டு, அந்த எண்ணுக்குரிய சாய்வெழுத்தை அடித்துக்கொடுத்தது. பொதுப் பொறி ஒன்றைப் பகிர்ந்துகொள்வோர் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்துக்கு வரவேண்டும். மூன்று கணிப்பொறிகளிலும் ஒரே ஆணையை எழுதினோம். அம்மையாருக்கு ஆங்கிலம் மட்டுமே வேண்டும், ஏழே போதும். ஆயினும் எட்டுக்கு மாறியதால் அவர் ஆங்கிலத்தில் ஒரு புள்ளியும் குறையவில்லை. அன்று எனக்கு மிகவும் ஆறுதல் தந்த செய்தி அதுவே. எங்களுக்கு இடம் கொடுத்ததால் அவருக்கு எந்த இழப்பும் நேரவில்லை.

ஒரு சிறு அட்டையில் ‘எட்டு என்று எழுதவும்; வெறுமையாக விட வேண்டா’ என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அடித்து, மாற்றுப்பெட்டியின்மேல் ஒட்டினேன். இடி மின்னல் வேளையில் வடத்தைக் கழற்றவேண்டும் என்றும், ஈரத்தால் முனைகள் பச்சை பூத்தால் அழிப்பானால் தேய்க்கவேண்டும் என்றும் அதன்கீழே எழுதினோம். புதிய பட்டியல் பலகைக்குச் சென்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டியின் லயத்தைத் தேடிப் போனேன். தலை நிமிராமல் அனுப்பிவிட்டேனே என்ற வெட்கம். அவர் கறுப்புத் தேநீர் கொடுத்தார். என் குற்றத்தைச் சொன்னேன். பிட்டையும் ஊசியையும் சொல்லவில்லை, புள்ளியை மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “வாத்தியார் புள்ளி வைக்கலைன்னா கையில அடிப்பாரு சார்” என்றார். அடுத்த முறை வந்தபோது பலகைமுன் நின்று விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. கடைசி எழுத்தின் தலையில் இருந்த புள்ளியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். ஒருவரையும் கேட்காமல், சன்னலுக்கு வந்து ரேஷன் அட்டையை நீட்டினார்.

அந்த மூன்று கணிப்பொறிகளும் அச்சுப்பொறியும் பிறகு கழிக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்கென 1991ல் இந்தியத் தரநிலைப் பணியகம் வகுத்த இஸ்கி குறியீடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகளும் 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை அமர்த்தியவை. அதாவது எட்டாவது பிட்டை நம்பியவை. இன்று கைப்பேசியில் நாம் அனுப்பும் தமிழ் யூனிகோடு முறையில் செல்கிறது. அதிலும் கதை மாறவில்லை. வழக்கமாகப் பயன்படும் யூடிஎஃப்-8 என்ற வடிவில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். அதன் எட்டாவது பிட் பூச்சியம். நம் ‘அ’வுக்கு மூன்று பைட், மூன்றிலும் எட்டாவது பிட் ஒன்று. புள்ளிக்கெனத் தனி இடம் உண்டு. அதற்கும் மூன்று பைட், மூன்றிலும் எட்டாவது பிட் ஒன்று. தமிழர் உலகெங்கும் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் அந்தப் பிட் விளக்குப்போல் எரிந்துகொண்டே போகிறது.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பலவும் ஊரைவிட்டு வந்தவை. நம் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழியில் நன்றாகப் பேசுகிறார்கள், விளையாட்டில் பேசுகிறார்கள், மதிப்பெண் நன்றாக வருகிறது. எங்கள் ஆங்கிலச் சோதனைப் பக்கம்போல எல்லாம் முத்துமுத்தாக இருக்கிறது. யாரும் தமிழைத் தடுக்கவில்லை, யாரும் வெறுக்கவில்லை. வீட்டில் நாம் ஒரு சொல் எழுதாமல் வெறுமையாக விட்ட இடத்தை மட்டும் ஏதோ ஒன்று தானே நிரப்பிக்கொள்கிறது. ஊரிலிருந்து பாட்டியின் கடிதம் வரும் நாளில்தான் புள்ளி இல்லாதது தெரியும்.

அந்தத் தொடர்முறை வடங்களில் ஒன்றைக் கழிவுப் பட்டியலில் முறைப்படி எழுதி, விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் பரண்மேல் கிடக்கிறது. எந்த அலுவலகத்துக்கு மாறிச் சென்றாலும், எத்தனை புதிய அச்சுப்பொறி வந்தாலும், பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்தவுடன் யாரும் கேட்காமலே ஒரு சொல்லை அடித்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் ‘அம்மாள்’. இரண்டு புள்ளிகளும் வந்துவிட்டன என்று கண்ட பிறகே, பொறி சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடுகிறேன்.